குந்துகாலில் இறங்கிய படையும் பலாலியில் இறங்கிய படையும்

2022 மே 9ஆம் தேதி மகிந்த ராஜபக்ச பிரதமர் பதவியிலிருந்து விலகினார். அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன, ஊரடங்கு போடப்பட்டது. அடுத்த இரண்டு நாட்களுக்குள் கொழும்பிலிருந்த இந்தியத் தூதரகம் ஒரு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று: இலங்கைக்குள் இந்தியா படை அனுப்பப் போவதாக வரும் செய்திகளில் உண்மையில்லை. ஜூலையில் ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச நாட்டைவிட்டு வெளியேறிய நேரத்தில் அதே மறுப்பை இன்னொரு முறை சொன்னார்கள். இந்தப் பக்கம் ராமேசுவரத்தில் கவலை வேறாக இருந்தது. மார்ச் 22ஆம் தேதியே தனுஷ்கோடிக் கரையில் 16 பேர் அகதிகளாக வந்து இறங்கியிருந்தார்கள். பசி இந்தப் பக்கமாகக் கடல் தாண்டிக்கொண்டிருந்த நாட்களில்தான், அந்தப் பக்கமாகப் படை தாண்டப் போகிறது என்ற பேச்சும் நடந்தது.

பக்கத்து நாட்டுக்குள் படை போனால் என்ன நடக்கும் என்று ஊகிப்பவர்கள் பெரும்பாலும் கப்பல் கணக்கில் தொடங்குவார்கள். எத்தனை கப்பல், எந்தத் துறைமுகம், எத்தனை விமானம், எத்தனை நாள். பாக் நீரிணையின் இரு கரையிலும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளில் நடந்ததைப் பார்த்தால், இந்தக் கணக்குகளில் பெரும்பகுதி தேவையற்றது என்று தெரியும். தாண்டுவது இங்கே யாருக்கும் பெரிய சிரமமாக இருந்ததில்லை. கூப்பிட்டவர் யார், படை வந்து சேரும்போது அவர் எங்கே இருக்கிறார், ஆறு மாதம் கழித்து யார் பக்கம் நிற்கிறார் என்பதிலேயே எல்லாம் முடிவாகியிருக்கிறது.

கடலின் அமைப்பை முதலில் சொல்லிவிடலாம். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். நடுவே மணல் தீடைகள். சில இடங்களில் இடுப்பளவு தண்ணீர். பாக் விரிகுடாவின் சராசரி ஆழமே பத்து மீட்டரைச் சுற்றித்தான். பெரிய போர்க்கப்பலுக்கு இது வழியில்லை. வத்தைக்கும் வல்லத்துக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. நூற்றுக்கணக்கான சிறு மரக்கலங்களைத் திரட்டும் அரசன் எவனாக இருந்தாலும் ஒரு படையைக் கொண்டுவந்து இறக்கிவிட முடியும்.

அப்படி இறக்கியவன் பொலன்னறுவையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. ஆட்சிக்காலம் 1153 முதல் 1186 வரை. 1160களில் பாண்டிய நாட்டில் வாரிசுச் சண்டை மூண்டது. மதுரையில் பராக்கிரம பாண்டியன் இருந்தான். குலசேகர பாண்டியன் கோட்டையை முற்றுகையிட்டான். உள்ளே மாட்டிக்கொண்டவன் இலங்கைக்கு ஆள் அனுப்பி உதவி கேட்டான். இலங்காபுர தண்டநாதன் என்ற தளபதியின் தலைமையில் படை கிளம்ப ஏற்பாடாயிற்று. அது மாதோட்டத்திலிருந்து புறப்படுவதற்குள் மதுரை வீழ்ந்தது. கூப்பிட்டவன் மனைவி மக்களோடு கொல்லப்பட்டான். வீரபாண்டியன் என்ற ஒரு மகன் மட்டும் தப்பி எங்கோ மலைப்பக்கம் ஒளிந்திருந்தான்.

காப்பாற்ற வேண்டியவன் செத்துப்போன பிறகு படை திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. பராக்கிரமபாகு இலக்கை மாற்றினான்: மதுரையைப் பிடித்து மகனிடம் கொடு. ஒரு படையெடுப்பின் நோக்கம் அது தொடங்கும் முன்பே மாறிவிட்டதற்கு இந்தக் கரையில் இதுதான் முதல் தெளிவான பதிவு. கடைசிப் பதிவு அல்ல.

படை ராமேசுவரத்தைப் பிடித்தது. பிறகு தீவின் தென்மேற்கு நுனியிலுள்ள குந்துகாலில் ஒரு கோட்டை எழுந்தது. பாலி மொழியிலுள்ள இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் அந்த இடத்தை 'குந்துகால' என்றே குறிக்கிறது. கல் மதில், அகழிகள், வாயில்கள் எல்லாம் வைத்துக் கட்டி, அரசன் பெயரால் பராக்கிரமபுரம் என்று பெயரிட்டார்கள். (1897 ஜனவரி 26 அன்று, மேற்கு நாடுகளிலிருந்து கொழும்பு வழியாகத் திரும்பிய விவேகானந்தர் கரையேறியதும் இதே குந்துகாலில்தான். இலங்கையிலிருந்து வருகிறவருக்கு வசதியான துறை என்பதில் மாற்றமில்லை போலும்.) பிடிபட்ட தமிழர்களை அனுராதபுரத்துக்கு அனுப்பி, முன்பு தமிழர் இடித்ததாகச் சொல்லப்பட்ட மகாதூபத்தைச் செப்பனிடும் வேலையில் விட்டார்கள் என்றும் அந்நூல் சொல்கிறது. பழிக்குப் பழி என்ற கணக்கு அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. நூற்றாண்டுக்கு முன்னால் பொலன்னறுவையைத் தலைநகராக வைத்து ஆண்ட சோழர்களை முதலாம் விஜயபாகு 1070இல்தான் துரத்தியிருந்தான்.

குந்துகாலிலிருந்து மதுரைக்குப் போக வேண்டும். இங்கேதான் கதை மெதுவாகிறது. ராமநாதபுரத்தைத் தாண்டினால் முதுகுளத்தூர், பரமக்குடி, மானாமதுரை என்று விரியும் வானம் பார்த்த சமவெளி. ஆறு என்று பெயருக்கு வைகையும் குண்டாறும். மற்றதெல்லாம் கண்மாய். ஐப்பசியில் வந்தால் கரிசல் சேறு காலை விடாது. சித்திரையில் வந்தால் குடிக்கத் தண்ணீர் இருக்காது. ஊருக்கு ஊர் ஒரு கண்மாய், நாட்டுக்கு நாடு ஒரு தலைவன். மதுரையைப் பிடித்துவிட்டால் நாடு பணிந்துவிடும் என்ற நிலை இங்கே கிடையாது. ஒவ்வொரு தலைவனாகப் பேசி, பரிசு கொடுத்து, பட்டம் கட்டி, அல்லது ஊரைக் கொளுத்தி வழிக்குக் கொண்டுவர வேண்டும். சூளவம்சத்தின் இந்தப் பகுதியைப் படிக்கிறவருக்கு அலுப்புத் தட்டும் அளவுக்கு ஊர்ப் பெயர்களும் தலைவர் பெயர்களும் வரிசையாக வருகின்றன. தேவிபட்டினம், நெட்டூர், மானாமதுரை, தொண்டி என்று இன்றும் பேருந்துப் பலகையில் காணும் ஊர்களை அறிஞர்கள் அதில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். அந்த அலுப்பில்தான் செய்தி இருக்கிறது. போன மாதம் பணிந்த தலைவன் இந்த மாதம் எதிரணியில் நிற்கிறான். பிடித்த ஊரை மறுபடியும் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கட்டத்தில் இலங்காபுரன் கூடுதல் படை கேட்டு அனுப்ப, ஜகத்விஜயன் என்ற இரண்டாவது தளபதி வந்து சேர்கிறான்.

சூளவம்சத்தின் முடிவு வெற்றி. வீரபாண்டியன் முடிசூட்டப்படுகிறான், பராக்கிரமபாகு பெயர் பொறித்த காசு பாண்டிய நாட்டில் செல்லுபடியாகிறது, வெற்றியின் நினைவாக இலங்கையில் ஓர் ஊர் தானமாகிறது. அதற்கு மேல் அந்த நூல் பேசுவதில்லை.

மிச்சத்தைச் சோழர் கல்வெட்டுகள் பேசுகின்றன. காஞ்சிபுரம் அருகே ஆர்ப்பாக்கத்தில் இரண்டாம் ராஜாதிராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. ஈழப்படை ராமேசுவரம் கோயில் கதவை அடைத்து, பூசையை நிறுத்தி, பண்டாரத்தை அள்ளிக்கொண்டு போனது என்ற செய்தி வந்ததும், எதிரிலி சோழ சம்புவராயன் ஞானசிவ தேவர் என்ற சிவாசாரியாரிடம் ஓடுகிறான், அவர் 28 நாள் பூசை செய்கிறார், ஈழப்படை தோற்கிறது, அதற்காக ஆர்ப்பாக்கம் கிராமமே அவருக்குக் காணிக்கையாகிறது. ராமேசுவரத்துக்கும் காஞ்சிக்கும் உள்ள தூரத்தை நினைத்துப் பார்த்தால் அன்று பரவிய அச்சத்தின் அளவு புரியும். மயிலாடுதுறைப் பக்கத்துப் பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு இன்னும் கடுமையானது. குலசேகரனுக்கு உதவப் போன சோழத் தளபதி பல்லவராயன், இலங்காபுரன், ஜகத்விஜயன் உள்ளிட்டோரின் தலைகளை மதுரை வாயிலில் ஆணியடித்துத் தொங்கவிட்டானாம். வென்று முடித்த தளபதி என்று ஒரு பக்கம். வாயிலில் தொங்கிய தலை என்று மறுபக்கம். இரண்டுமே அரசாங்க எழுத்து. போர்ச் செய்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் தேட வேண்டாம்.

கதை இதோடு முடியவில்லை. திருவாலங்காட்டுக் கல்வெட்டு அடுத்த கட்டத்தைச் சொல்கிறது, அது இன்றைய உளவுத்துறை அறிக்கை ஒன்றைப் படிப்பது போலவே இருக்கும். ஊராத்துறை, மாதோட்டம், வல்லிகாமம் முதலிய இடங்களில் இலங்கை அரசன் மறுபடி படகு கட்டுகிறான், ஆள் சேர்க்கிறான் என்று சோழருக்குத் தகவல் வருகிறது. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறை. வல்லிகாமம் யாழ்ப்பாணத்து வலிகாமம். வரும்வரை காத்திராமல், பராக்கிரமபாகுவின் மருமகனும் அரியணைக்குப் போட்டியாளனுமான ஸ்ரீவல்லபனிடம் படை கொடுத்து அனுப்புகிறார்கள். அவன் போய் அந்த ஊர்களை அழித்து, யானைகளைப் பிடித்துக்கொண்டு திரும்புகிறான். கூப்பிடுகிறவன் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளலாம் என்பது அப்போதே தெரிந்த வித்தை.

உச்சமான திருப்பம் இனிமேல்தான். சோழர் உதவியால் மதுரையைத் திரும்பப் பெற்ற குலசேகரன், பராக்கிரமபாகுவின் ஆசைவார்த்தையில் விழுந்து இலங்கையோடு கைகோத்துவிடுகிறான். கோபம் கொண்ட சோழர்கள் அவனைத் துரத்திவிட்டு யாரை மதுரையில் உட்கார வைத்தார்கள்? வீரபாண்டியனை. இலங்கை இத்தனை ஆண்டு போரிட்டு யாரை அரியணையில் ஏற்ற நினைத்ததோ அவனைச் சோழன் ஏற்றினான். யாரை இறக்க நினைத்ததோ அவன் இலங்கைக்கு நண்பனானான். இந்த முடிவை முன்கூட்டி ஊகித்துச் சொல்லியிருக்கக்கூடியவர் அன்று மூன்று அரசவையிலும் ஒருவர்கூட இருந்திருக்க மாட்டார்.

அடுத்த முறை படை மேற்கிலிருந்து வந்தது. 1639வாக்கில் மதுரைத் திருமலை நாயக்கர் தம் தளவாய் ராமப்பையனைச் சேதுநாட்டின் மேல் ஏவினார். இங்கேயும் வாரிசுச் சண்டைதான். இரண்டாம் சடைக்கன் சேதுபதிக்கு எதிராகத் தம்பி என்பவரை நாயக்கர் ஆதரித்தார். சேதுபதி ராமேசுவரம் தீவுக்குப் பின்வாங்கினார். ராமப்பையன் பாம்பன் கால்வாயைக் கடக்கப் பாலம் போட்டதாக 'ராமப்பையன் அம்மானை' பாடுகிறது. கடற்படை வேண்டும் என்று போர்த்துக்கீசியரையும் கூட்டிக்கொண்டார்கள். சேதுபதியின் மருமகன் வன்னியன் நின்று போரிட்டான். கடைசியில் சடைக்கன் பிடிபட்டு மதுரைச் சிறைக்குப் போனார். படைக் கணக்கில் பார்த்தால் முழு வெற்றி.

ஆனால் தம்பியால் நாட்டை ஆள முடியவில்லை. எங்கும் கலகம், சேது யாத்திரை தடைப்பட்டது. வேறு வழியில்லாமல் நாயக்கர் தாமே சிறையிலிருந்த சடைக்கனைத் திரும்ப அனுப்பி ஆட்சியில் வைத்தார். சில ஆண்டுகள் கழித்துத் தம்பியின் கையால் சடைக்கன் மாண்டதும், நாடு மூன்றாகப் பிரிந்து மீண்டும் சேர்ந்ததும் தனிக்கதை. 1650களில் மைசூர்ப் படை மூக்கறுத்துக்கொண்டே மதுரையை நோக்கி வந்தபோது கிழட்டு நாயக்கரைக் காப்பாற்ற ஓடிவந்தது சேதுநாட்டு மறவர் படை. மூக்கறுப்புப் போர் என்று நினைவில் நிற்கும் அந்தச் சண்டையில், ஒரு காலத்தில் வென்று அடக்கியவரை அடக்கப்பட்டவர்களே மீட்டார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி வந்தபோதும் சமவெளி அதே பாடத்தைக் கொடுத்தது. 1795இல் முத்துராமலிங்க சேதுபதியைப் பதவியிறக்கிக் கைது செய்தார்கள். ராமநாதபுரம் கோட்டை கைக்கு வந்தது. காரியம் முடிந்ததென்று நினைத்தார்கள். நான்கு ஆண்டு கழித்து, 1799 ஏப்ரலில், முதுகுளத்தூரிலும் கமுதியிலும் அபிராமத்திலும் கிளர்ச்சி வெடித்தது. கம்பெனியின் கச்சேரி தாக்கப்பட்டது, ஆயுதமும் தானியமும் பறிபோயின. தலைமை தாங்கியவர் முதுகுளத்தூர் பக்கத்துச் சித்திரங்குடியைச் சேர்ந்த மயிலப்பன் சேர்வைகாரர், பதவியிழந்த சேதுபதியிடம் பணிபுரிந்தவர். அவரைப் பிடித்துத் தூக்கிலிட 1802 வரை ஆயிற்று. சித்திரங்குடிக் கண்மாயை இன்று பறவைகள் சரணாலயமாகத்தான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும்.

வராத படையும் ஊரைக் கலைக்கும் என்பதையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் 9ஆம் தேதி திருகோணமலையையும் தாக்கின. அடுத்தது சென்னைதான் என்று கவர்னர் ஆர்தர் ஹோப்பின் அரசு முடிவு கட்டியது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு இடம்பெயர்ந்தன, மக்கள் கிடைத்த ரயிலில் ஏறினார்கள், மிருகக்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன. ஜப்பானியக் கப்பல்கள் சென்னைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

சுதந்திர இலங்கையின் அச்சமோ வேறு திசையைப் பார்த்தது. விடுதலைக்கு முன்பே, 1947 நவம்பரில், டி.எஸ். சேனநாயக்க பிரிட்டனோடு பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டதற்கு முக்கியக் காரணம் பக்கத்திலிருந்த பெரிய நாடு. 1945இலேயே கே.எம். பணிக்கர் இந்தியப் பெருங்கடலைப் பற்றி எழுதிய நூல் கொழும்பில் கவலையோடு படிக்கப்பட்டது. 1962இல் அமைந்த ஒரு காலாட்படைப் பிரிவுக்கு எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயர். 1988இல் அமைந்த இன்னொன்றுக்குச் சோழரைத் துரத்திய விஜயபாகுவின் பெயர். எதிரி எங்கிருந்து வருவான் என்று ஒரு ராணுவம் நினைக்கிறது என்பதைப் பெயர்ப் பலகையே சொல்லிவிடுகிறது.

அந்த இரண்டாவது பெயர் வந்த காலத்தில் இந்தியப் படை ஏற்கெனவே யாழ்ப்பாணத்தில் இருந்தது.

1987 மே இறுதியில் வடமராட்சியில் இலங்கை ராணுவம் பெரும் தாக்குதல் தொடங்கியது. ஜூன் 3ஆம் தேதி ராமேசுவரத்திலிருந்து 19 மீன்பிடிப் படகுகள் ஏறக்குறைய 40 டன் நிவாரணப் பொருளோடு யாழ்ப்பாணம் நோக்கிக் கிளம்பின. இலங்கைக் கடற்படை மறித்தது, படகுகள் திரும்பின. மறுநாள் பிற்பகல் டெல்லியில் இலங்கைத் தூதர் பெர்னார்ட் திலகரத்னவை அமைச்சர் நட்வர் சிங் அழைத்தார். விமானங்கள் புறப்படவிருக்கின்றன, தடுத்தால் பதிலடி இருக்கும் என்று தெரிவிக்கப்பட்டது. பெங்களூரிலிருந்து ஐந்து ஏ.என்.32 விமானங்கள், மிராஜ் போர்விமானங்களின் துணையோடு, யாழ்ப்பாணத்தின் மேல் பொட்டலங்களை வீசின. 'பூமாலை' என்று பெயர் வைத்திருந்தார்கள். வீசியது அரிசியும் பருப்பும், காட்டியது விமானத்தை. இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்த்தன புரிந்துகொண்டார். ஜூலை 29ஆம் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போது ஒரு கடற்படைச் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் ராஜீவைத் தாக்கினான். அதே நாள் இந்தியப் படை யாழ்ப்பாணத்துப் பலாலியில் இறங்கியது.

இறங்கியதில் ஒரு குறையுமில்லை. ஒரு குண்டு வெடிக்கவில்லை. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் மாலை போட்டு வரவேற்றார்கள். அழைப்பு இரட்டையாக இருந்தது: தெற்கின் கலவரத்தை அடக்கத் தம் படையை வடக்கிலிருந்து விடுவித்துக்கொள்ள ஜெயவர்த்தன அழைத்தார், தங்களைக் காக்க வந்தவர்கள் என்று தமிழர்கள் வரவேற்றார்கள். இரண்டுக்கும் ஒன்றோடொன்று பொருத்தமே இல்லை என்பது பத்து வாரத்தில் வெளிப்பட்டது. அக்டோபர் 10ஆம் தேதி விடுதலைப் புலிகளோடு போர் தொடங்கியது. 11ஆம் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியக் காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள்; ஒருவர் பிடிபட்டார். சில நாளில் முடியும் என்று எதிர்பார்த்த நகரத்தைப் பிடிக்க இரண்டு வாரத்துக்கு மேலாயிற்று. அதே மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் இந்தியப் படையால் கொல்லப்பட்டபோது, மாலை போட்டவர்களின் அழைப்பு காலாவதியாகிவிட்டது. ஒரு டிவிஷனோடு வந்த படை நான்கு டிவிஷனாக வளர்ந்தது.

மிச்சமிருந்த அழைப்பும் போனது. 1989 ஜனவரியில் ஜனாதிபதியான பிரேமதாச, ஒப்பந்தத்தை முதலிலிருந்தே எதிர்த்தவர். ஜூலை 29க்குள் வெளியேறு என்று ஜூன் மாதம் நாள் குறித்தார். புலிகளோடு பேசினார், இந்தியப் படையை எதிர்த்து நிற்க அவர்களுக்கு ஆயுதமும் கொடுத்தார். இலங்கையின் ஒற்றுமையைக் காக்கப் போன படையின் மீது இலங்கை அரசு கொடுத்த துப்பாக்கியே சுட்டது. குலசேகரனின் கதையைப் படித்தவருக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1990 மார்ச் 24ஆம் தேதி கடைசிக் கப்பல் திருகோணமலையிலிருந்து கிளம்பியபோது, மாண்ட இந்திய வீரர்களின் எண்ணிக்கை 1,100ஐத் தாண்டியிருந்தது.

இதற்கு நடுவே, 1988 நவம்பர் 3ஆம் தேதி, இலங்கையிலிருந்து படகில் போன தமிழ் ஆயுதக்குழு ஒன்று மாலத்தீவுத் தலைநகரைப் பிடிக்க முயன்றது. அதிபர் கயூம் டெல்லியை அழைத்தார். அன்றிரவே இந்திய வான்குடைப் படை போய் இறங்கிக் காரியத்தை முடித்தது. அழைத்தவர் உயிரோடு இருந்தார், பதவியில் இருந்தார், சொல்லை மாற்றவில்லை. அதே ராணுவம்தான், அதே ஆண்டுகள்தான்.

ஆக, 2022இல் பேசப்பட்ட படையெடுப்பு நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? முதல் நாளை ஊகிப்பது கடினமில்லை. ராமேசுவரம் பக்கமிருந்து பெரிதாக ஒன்றும் போயிருக்காது. உச்சிப்புளியில் 2009இல் தொடங்கிய கடற்படை விமானத் தளம் ஐ.என்.எஸ். பருந்து கண்காணிப்புக்கு உதவும். மண்டபத்துக் கடலோரக் காவல்படை அகதிப் படகுகளைப் பார்த்துக்கொள்ளும். படை வந்திருந்தால் கட்டுநாயக்கவுக்கு விமானத்தில் வந்திருக்கும். ஒரு பகலில் முடிந்திருக்கும். இரண்டாம் நாள் அது யாரைக் காத்திருக்கும்? கொழும்புக் காலிமுகத்திடலில் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்த கூட்டம் விரட்ட நினைத்த ராஜபக்ச குடும்பத்தை. சிங்களரும் தமிழரும் முஸ்லிம்களும் அபூர்வமாக ஒரே பக்கம் நின்ற போராட்டத்துக்கு எதிராக. டெல்லி அந்த யோசனையைத் தொடவே இல்லை என்பதற்கு 1987ஐ நினைவில் வைத்திருந்த அதிகாரிகளுக்கு நன்றி சொல்லலாம்.

போனது அரிசி. மத்திய அரசு கிட்டத்தட்ட 400 கோடி டாலர் அளவுக்குக் கடனும் எரிபொருளும் கொடுத்தது. தமிழக சட்டமன்றம் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, மருந்துகள் அனுப்ப முடிவு செய்தது; மே 18ஆம் தேதி சென்னையிலிருந்து முதல் கப்பல் கிளம்பியது. 1987இல் 19 படகை மறித்த அதே நாடு, இந்தக் கப்பலைத் துறைமுகத்தில் நின்று வாங்கிக்கொண்டது. அரிசி அப்போதும் அரிசிதான். கேட்டு அனுப்பியதா, கேட்காமல் அனுப்பியதா என்பதில்தான் வேறுபாடு.

வடக்கிலங்கை மீனவர்களுக்கு இந்த ஆய்வெல்லாம் வேடிக்கையாக இருக்கும். அவர்களைப் பொறுத்தவரை வாரத்தில் மூன்று நாள் ராமேசுவரத்து விசைப்படகுகள் இழுவைமடியோடு வந்து அடிக்கடலைச் சுரண்டிப் போவதே எல்லை மீறல். 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தும் அது நிற்கவில்லை. கைதும் படகுப் பறிமுதலும் இந்தப் பக்கத்துக் குடும்பங்களை வாட்டுவதும் நிற்கவில்லை. இதற்கு அழைத்தவர் என்று யாரும் கிடையாது.

அழைப்புகள் எப்படித் திசை மாறும் என்பதற்குக் கடைசி எடுத்துக்காட்டு மிக அண்மையது. இலங்கையின் இடதுசாரிக் கட்சியான ஜே.வி.பி. தன் ஆரம்ப காலத் தொண்டர்களுக்கு நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விரிவாதிக்கம் பற்றியது. 1987 ஒப்பந்தத்தை எதிர்த்து அந்தக் கட்சி நடத்திய கிளர்ச்சியிலும், அதை அரசு அடக்கிய முறையிலும் தெற்கில் பல்லாயிரம் பேர் செத்தார்கள். அக்கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024இல் ஜனாதிபதியானார். 2025 ஏப்ரல் 5ஆம் தேதி கொழும்பில் அவர் முன்னிலையில் இந்தியாவோடு பாதுகாப்பு ஒத்துழைப்புப் புரிந்துணர்வு ஒப்பந்தம் பரிமாறப்பட்டது. அதன் முழு வாசகத்தை ஏன் வெளியிடவில்லை என்று கேட்டு இலங்கை எதிர்க்கட்சிகள் சண்டை போட்டன. மோடி மறுநாள் இலங்கையிலிருந்து நேராக மண்டபம் வந்து, பாம்பன் புதிய ரயில் பாலத்தைத் திறந்துவைத்தார்.